ஏழாவது கேள்விக்கு ஒத்தை விரல்

நம்ம சங்கத்துல இப்ப மேனேஜரா இருக்கற பொண்ணு போன வாரம் போன் பண்ணுச்சு. ஆண்டு மலர் போடறாங்களாம். முதல் தடவையா வீடு வாங்கறவங்களுக்கு அந்தக் காலத்துல நீங்கள்லாம் என்ன செஞ்சீங்கன்னு ரெண்டு பக்கம் எழுதித் தாங்க சார்னுச்சு. பேச்சோட பேச்சா, இப்பல்லாம் ஃபாரத்தை யாருமே படிக்கறதில்ல சார், நேரா கடைசிக்குப் போய் டிக் பண்ணிட்டுப் போயிட்டே இருக்காங்கன்னு சொல்லி சிரிச்சுச்சு. எனக்கு சுருக்குன்னுச்சு. ஏன்னா அந்தத் தில்லாலங்கடியை டைப்ரைட்டர்லயே பண்ணின ஆளு நான்.

ரெண்டு பக்கத்துல அடங்காது. வேணும்னா வெட்டிக்கட்டும். நான் பாட்டுக்கு அடிச்சுத் தள்றேன், விரல் வேகம் இன்னும் போகல.

என் கதை சுருக்கமா. உறையூர். பி.ஏ. எகனாமிக்ஸ். டைப்பிங் தமிழும் இங்கிலீஷும் ஹையர். டிகிரி வாங்கின கையோட, திருச்சி டவுனே நம்மளைத்தான் திரும்பிப் பாக்குதுன்னு ஒரு நெனப்பு. ஐம்பதுகளோட கடைசில, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு மளிகை மண்டிக்கு மாடில இருந்த வீடு கட்டும் கூட்டுறவு சங்கத்துல எழுத்தரா சேந்தேன். கீழ மிளகா மூட்டை பிரிச்சா மாடில மொத்த ஆபீசும் தும்மும். ஆறு மாசம் லெட்ஜர் எழுதினேன், வில்லங்க சர்டிபிகேட் படிக்கக் கத்துக்கிட்டேன், மனை அளக்கறவர் பின்னாடி சங்கிலி தூக்கிட்டு நடந்தேன். டிரெய்னிங் அவ்வளவுதான். ஆபீஸ்ல எனக்குப் பேரே "பி.ஏ."தான். பேர் சொல்லி ஒருத்தரும் கூப்பிட்டதில்ல, நானும் அதை ரசிச்சேன்.

சங்கம் என்ன செஞ்சுதுன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்கார்கிட்ட கடன் வாங்கி, ஊருக்கு வெளிய நெலம் வாங்கி, மனை பிரிச்சு, மெம்பருங்களுக்குக் குடுப்போம். வீடு கட்டக் கடனும் நாங்களே குடுப்போம், கம்மி வட்டி, வருஷக்கணக்குல திருப்பிக் கட்டலாம். மொத்தமா கையில குடுக்க மாட்டோம். அஸ்திவாரம் போட்டா ஒரு தவணை, ஜன்னலுக்கு மேல லிண்டல் வந்தா ஒரு தவணை, கூரைக்கு ஒண்ணு, பூச்சுக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் எங்க ஆளு நேர்ல போய்ப் பாத்து எழுதணும். இதுக்கெல்லாம் ஒரே கண்டிஷன்தான். ஏற்கெனவே சொந்த வீடு இருக்கக் கூடாது. முதல் வீட்டுக்குத்தான் உதவி, ரெண்டாவது வீட்டுக்கு இல்ல.

இதைக் கட்டிக் காத்தவர் எங்க செகரட்டரி ரங்காச்சாரி சார். ஸ்ரீரங்கத்துலேர்ந்து தினம் காலைல காவேரிப் பாலம் தாண்டி பஸ்ல வருவார். பளிச்சுன்னு நாமம், பஞ்சகச்சம், மேல ஒரு பழைய கறுப்புக் கோட்டு, கையில தண்ணிக் கூஜா. வெளில ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டார். கோவம் வந்தா சத்தம் போட மாட்டார், மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைப்பார். அவர் கண்ணாடியைத் துடைச்சாலே நாங்க ஆளுக்கு ஒரு ஃபைலைப் பிரிச்சு வெச்சுக்குவோம்.

யார் வீடு கேட்டு வந்தாலும் அவர் ஃபாரத்தைத் தொட மாட்டார். உக்கார வெச்சு முதல்ல ஒரே ஒரு கேள்விதான் கேப்பார்: "இப்ப ராத்திரில எங்கே படுத்துக்கறேள்?"

வந்தவங்க முழிப்பாங்க. சம்பளம் கேப்பார், ஜாமீன் கேப்பார்னு தயாரா வந்திருப்பாங்க. இவரு படுக்கையைக் கேக்கறாரு. ஒருத்தர் அடுப்படிலம்பார், ஒருத்தர் கடைப் பலகை மேலம்பார், ஒருத்தர் மாமனார் வீட்டுலன்னு சொல்லும்போதே குரல் இறங்கிடும். இவரு எதையும் எழுதிக்க மாட்டார். ஆனா எத்தனை வருஷம் ஆனாலும் மறக்க மாட்டார்.

அடுத்தது கவர். தபால்ல வந்த பழைய கவரைப் பிரிச்சு, உள்பக்கத்தைத் திருப்பி, வீட்டுச் செலவை ஒவ்வொண்ணா எழுதுவார். வர்றவங்களுக்கு செங்கல், சிமெண்டு, கொத்தனார் கூலிதான் தெரியும். "அதுக்கு முன்னாடி வாங்கோ"ம்பார். சங்கத்துப் பங்குத் தொகை. முப்பது வருஷ வில்லங்கம் தேடற ஃபீஸ். பத்திரம் சரியான்னு வக்கீல் சொல்றதுக்கு ஃபீஸ். ஸ்டாம்பு. ரிஜிஸ்டர் ஆபீஸ். பத்திரம் எழுதறவர். முனிசிபாலிட்டில பிளான். சிமெண்டு பெர்மிட்டுக்கு நாலு நடை, நாலு நாள் கூலி போச்சு. கிணறு. வாசக்கால் வைக்கற அன்னிக்குக் கொத்தனாருக்கு வேட்டி துண்டு. கிரகப்பிரவேசத்துக்கு வர்ற சொந்தக்காரங்களுக்கு சாப்பாடு. கடைசி வரியில "பகவான் விட்ட வழி"ன்னு எழுதி, அதுக்கு நேரா ஒரு மாசச் சம்பளத்தைப் போடுவார். அது என்ன செலவுன்னு கேட்டா, தெரிஞ்சா பேரை எழுதியிருப்பேனேம்பார்.

கவரைக் கையில குடுத்து, ஆத்துக்காரிகிட்ட காமிச்சுட்டு சரின்னா நாளைக்கு வரச் சொல்வார். பாதிப் பேர் வர மாட்டாங்க. டைரக்டர் ஒருத்தர், ரைஸ் மில்காரர், இதைப் பாத்துக் கடுப்பாயி, என்ன சாமி வர்றவனை எல்லாம் பயமுறுத்தி அனுப்பறீங்கன்னு கேட்டார். அதுக்கு இவரு சொன்ன பதில் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு: "இங்க பயந்தா பஸ் சார்ஜோட போச்சு. பாதிச் சுவர்ல பயந்தா எங்கே போவார்?"

இன்னொரு பழக்கம். மனையைப் பாக்கப் போனா, சுண்ணாம்புக் கோடு போட்டுக் கயிறு கட்டியிருக்கற இடத்துக்கு வெளியவே செருப்பை விட்டுட்டுத்தான் உள்ள காலை வெப்பார். சித்திரை வெயில்ல மண்ணு கொதிக்கும். நான் ஷூவோட உள்ள நின்னுக்கிட்டு, "என்ன சார், வெறும் கயிறுதானே இருக்கு, இன்னும் ஒரு செங்கல் கூட வரலையே"ன்னேன். "உமக்குக் கயிறு ஓய். அவாளுக்கு வாசப்படி"ன்னார். நான் திரும்பி நின்னு சிரிச்சேன். அப்ப எனக்கு எல்லாமே சிரிப்புதான்.

இனி என் வண்டவாளம்.

ஃபாரத்துல பன்னெண்டு கேள்வி. எழுத்தர் ஒவ்வொரு கேள்வியையும் சத்தமாப் படிச்சுக் காட்டணும், அவங்க பதில் சொல்லணும், அதை டைப் பண்ணணும், கடைசில உறுதிமொழின்னு கையெழுத்து வாங்கணும். இது செகரட்டரி போட்ட விதி. மத்தவங்க ஒரு ஃபாரத்துக்கு ஒரு மணி நேரம் எடுப்பாங்க. நான் பத்தே நிமிஷம். எப்படின்னா, ஏழாவது கேள்வி, வேற வீடு உண்டான்னு கேக்கற கேள்வி. அதுதான் ஜவ்வு மாதிரி இழுக்கும். ஆளுங்க பாட்டன் கதைலேர்ந்து ஆரம்பிப்பாங்க. வீடு இல்லாததுனாலதானே இங்க வர்றான், இதுல கேக்கறதுக்கு என்ன இருக்குன்னு எனக்கு ஒரு யோசனை. காலைல வந்ததும் இருபது ஃபாரத்தை எடுப்பேன். ஏழாவது கேள்விக்கு நேரா "இல்லை", "இல்லை", "இல்லை"ன்னு வரிசையா அடிச்சு டிராயர்ல வெச்சுடுவேன். ஆள் வந்தா மத்ததை மட்டும் நிரப்புவேன். எக்ஸ்பிரஸ் பி.ஏ.ன்னு பேர் வாங்கினேன். ரொம்ப கெத்தா இருந்துச்சு.

அப்பதான் மருதமுத்து வந்தார். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்புல ஃபிட்டர். துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்து விவசாயக் குடும்பம், நாப்பது வயசு இருக்கும், கையெல்லாம் கிரீஸ் ஏறிப்போன ஆளு. வழக்கம்போல செகரட்டரி படுக்கையைக் கேட்டார். பொன்மலைப்பட்டில வரிசை வீட்டுல ஒரே ரூம், சம்சாரம், மாமியா, அஞ்சு பிள்ளைங்க, ஆக எட்டுப் பேர்னார் மருதமுத்து. அப்ப உங்களுக்கு எடம்னு இவரு கேக்க, "நைட் ஷிஃப்டு கேட்டு வாங்கிக்கிட்டேங்க. நான் இல்லேன்னா அதுங்க காலை நீட்டிக்கும். பகல்ல பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போனதும் நான் படுத்துக்குவேன்"னார். ஏதோ பஸ் டைம் சொல்ற மாதிரி சொன்னார்.

கவரை வாங்கிட்டுப் போனவர் மறுநாளே திரும்ப வந்தார். கூட சம்சாரம் செல்லம்மாவும் வந்துச்சு. கவர்ல ரெண்டு எடத்துல பென்சில்ல திருத்தம் பண்ணியிருந்துச்சு அந்தம்மா. வாசக்கால் அன்னிக்கு வேட்டி மட்டும் போதும், துண்டு வேணாமாம். செகரட்டரி முதல் தடவையா சிரிச்சதை அன்னிக்குப் பாத்தேன்.

ஃபாரத்துக்கு என் டேபிளுக்கு வந்தாங்க. நான் பாதில இருக்கும்போது மருதமுத்து, "தம்பி, ஊர்ல அண்ணன் தம்பிங்க பாகம் பிரிச்சப்போ ஒரு ரூம் என் பேருக்கு எழுதியிருக்கு. அதைச் சொல்லணுங்களா?"ன்னு கேட்டார்.

"துறையூர்ப் பக்கத்துல ஒரு மண் ரூம். அதெல்லாம் ஒரு வீடா? அதை எழுதினா உங்க ஃபைலு தேர் மாதிரி நகரும், வடம் பிடிக்க ஆள் வேணும். விடுங்க."

"எதுக்கும் ஐயாகிட்ட ஒரு வார்த்தை..."

"நான் பாத்துக்கறேன். இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு."

போட்டாரு.

மனை கெடச்சுச்சு. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், மூலை மனை. செல்லம்மா கழுத்துச் சங்கிலியை வித்து அஸ்திவாரம் எழுப்பினாங்க. முதல் தவணைக்கு நான்தான் போய்ப் பாத்து எழுதணும். வரிசை வீட்டுக்காரர் வேற தைக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டார், அவர் மகனுக்குக் கல்யாணமாம். எல்லாம் சரியா ஓடிட்டிருந்தப்போ வந்துச்சு மொட்டைப் பெட்டிஷன். மருதமுத்துவுக்கு ஊர்ல பூர்வீக வீடு இருக்கு, பொய் உறுதிமொழி குடுத்து ஏழைங்களுக்கு வர வேண்டிய மனையைப் பிடுங்கிட்டார்னு. கூடவே பாகப் பத்திரத்தோட நம்பர். வெயிட்டிங் லிஸ்ட்ல அடுத்து இருந்த யாரோன்னு ஆபீஸ்ல கிசுகிசுத்தாங்க. செகரட்டரி கண்டுபிடிக்கக் கூடாதுன்னுட்டார். எழுதினது நெஜமா பொய்யான்னு பாத்தா போறும், எழுதினவாளைப் பாக்க வேண்டாம்னார்.

ரைஸ் மில் டைரக்டர் குதிச்சார். மெம்பர்ஷிப்பை ரத்து பண்ணு, மனையைத் திரும்ப எடு, ஒர்க்ஷாப்புக்கு லெட்டர் போடுன்னார். பத்து நாள்ல போர்டு மீட்டிங். மருதமுத்துவுக்கு மனை போனா அஸ்திவாரமும் போச்சு, சங்கிலியும் போச்சு, தைக்கு எட்டுப் பேரும் தெருவுல. லெட்டர் போனா வேலைக்கே கேடு. அந்த ஒரு வார்த்தையை அடிச்ச விரல் என்னோடது. ஒரு நாள் முழுக்க வாயைத் தெறக்காம உக்காந்திருந்தேன். நான் அப்ப புரொபேஷன்ல இருந்தவன், அவ்வளவுதான் காரணம். அதை அழகு பண்ணிச் சொல்ல முடியாது.

மறுநாள் மருதமுத்துவைக் கூப்பிட்டு விட்டாங்க. நைட் ஷிஃப்டு முடிஞ்சு அப்படியே வந்து நின்னார். செகரட்டரி கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே, ஏழாவது கேள்வியைப் படிச்சுக் காமிச்சாளான்னு கேட்டார். மருதமுத்து ஒரே ஒரு தடவை என் பக்கம் பாத்தார்.

"காமிச்சாருங்க. நாந்தாங்க சொல்ல மறந்துட்டேன்."

அவர் கும்பிட்டுட்டு இறங்கிட்டார். நான் ஓடிப் போய் மாடிப்படில மறிச்சேன். ஏங்க அப்படிச் சொன்னீங்கன்னா, நிதானமா சொல்றார்: "நான் மாட்டினது மாட்டிட்டேன் தம்பி. ரெண்டு பேரா மாட்டினா என்ன லாபம்? உங்களை எடுத்துட்டா எனக்கு வீடு வந்துடுமா?"

திரும்ப மேல ஏறினேன். டிராயரை அப்படியே உருவிட்டுப் போய் செகரட்டரி டேபிள் மேல வெச்சேன். உள்ள பதினாறு ஃபாரம் மிச்சம் இருந்துச்சு. சார், அவர் சொன்னார், நான்தான் வேணாம்னேன், இதைப் பாருங்கன்னேன்.

அவர் ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தார். அவசரமே இல்ல. "அழகா அடிச்சிருக்கீர். எல்லாம் ஒரே நேர்கோடு. இந்தப் பதினாறு பேரும் யாரு ஓய்?"

"இன்னும் வரலை சார்."

"வராதவாளுக்கு வீடு இல்லேன்னு உமக்கு எப்படித் தெரியும்?"

கீழ மிளகா மூட்டை பிரிச்சாங்க போல, ரெண்டு பேரும் தும்மினோம். அவர் மூக்கைத் துடைச்சுட்டு, நாளைக்குக் காலம்பற துறையூர் பஸ், மருதமுத்துவையும் வரச் சொல்லும்னார்.

மூணு பேரும் போனோம். துறையூர்ல இறங்கி அங்கேர்ந்து ஒரு மாட்டு வண்டி. வழி பூரா வெங்காயக் காடு. மருதமுத்துவோட மூத்தவர் பெரியண்ணன் வாசல்லயே நின்னார். செகரட்டரியோட நாமத்தையும் கோட்டையும் பாத்து ஜப்தி பண்ண வந்துட்டாங்கன்னே நெனச்சுட்டார். இளநி வெட்டினாங்க, அதை மட்டும் செகரட்டரி குடிச்சார். அப்புறம் பாகப் பத்திரத்தைக் கையில வெச்சுக்கிட்டு, இவர் பங்கு எதுன்னு கேட்டார்.

கிழக்கால ஒரு சின்ன ரூம். குனிஞ்சுதான் உள்ள பாக்கணும். செகரட்டரி வாசல்லயே செருப்பை விட்டுட்டார், அது அவருக்குப் பழக்கம்தானே. உள்ள ஒரு பலகை மேல நீளமா ஒரு மரப் பெட்டி, மஞ்சத் துணி சுத்தி, மாலை காஞ்சு கெடந்துச்சு. குலசாமிப் பெட்டி. சாமியோட துணிமணி, சலங்கை எல்லாம் அதுக்குள்ள. வருஷத்துக்கு ஒரு தடவை சிவராத்திரிக்குத்தான் தெறப்பாங்களாம்.

செகரட்டரி கேக்க ஆரம்பிச்சார். தம்பி குடும்பத்தோட வந்து இந்த ரூம்ல இருக்கலாமா? எப்படிங்க, சாமி இருக்குல்லன்னார் பெரியண்ணன். தம்பி மட்டும் ஒரு ராத்திரி படுத்துக்கலாமா? ஐயோ கூடாதுங்க, எங்க சித்தப்பா ஒருத்தர் குடிச்சுட்டு வந்து படுத்து, காலைல வாய் கோணிப் போச்சு.

"அப்ப ஊருக்கு வந்தா இவர் எங்கே படுத்துக்கறார்?"

"மாரியம்மன் கோயில் மண்டபத்துலங்க. காத்து நல்லா வரும்."

எனக்கு சிரிப்பு பொத்துக்கிச்சு. மருதமுத்துவும் சிரிச்சார். செகரட்டரி சிரிக்கல. பின்ன ஏன் இந்த ரூமை இவர் பங்குல வெச்சேள்னு கேட்டார். பெரியண்ணன் தலையைச் சொறிஞ்சார். வெளியூர்க்காரனுக்கு ரூம் எதுக்குங்க, சாமி ரூமும் யாராவது ஒருத்தர் பேர்ல இருக்கணும்லன்னார்.

சரி, இதையே எழுதிக் குடுங்கோன்னு என்னை எழுதச் சொன்னார். எழுதினேன், படிச்சுக் காட்டினேன். "மேற்படி அறையில் மனிதர் குடியிருக்க முடியாது"ன்னு வந்ததும் பெரியண்ணன் நீட்டின கையை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டார். இதை எழுத்துல குடுத்தா நாளைக்கு இவன் கோர்ட்டுக்குப் போய், என் பங்கு லாயக்கில்ல, வேற ரூம் குடுன்னு கேப்பான். மாட்டேன்னா மாட்டேன். நானும் என் பி.ஏ. அறிவையெல்லாம் காட்டிப் பாத்தேன், ஒண்ணும் மசியல. கடைசி பஸ்ஸுக்கு நேரம் ஆயிட்டே இருந்துச்சு. அந்தத் தாள் இல்லேன்னா போர்டுல பேசவே முடியாது.

அது வரைக்கும் ஓரமா நின்ன மருதமுத்து முன்னாடி வந்தார். "அண்ணே, சூடம் ஏத்து."

ரூம் வாசப்படில தட்டுல சூடம் ஏத்தினாங்க. மருதமுத்து பெட்டியைப் பாத்து நின்னார். "இந்த வீட்டுல வேற எடம் கேக்க மாட்டேன். என் பிள்ளைங்களும் கேக்காது. எனக்குன்னு ஒரு கூரை வந்துட்டா இங்க சாமி கும்பிடத்தான் வருவேன்." சொல்லிட்டு எரியற சூடத்தை உள்ளங்கையால அடிச்சு அணைச்சார்.

பெரியண்ணன் மையைத் தொட்டு ரேகை வெச்சார். வெச்சுட்டு, தம்பி கையைப் பிடிச்சுத் திருப்பி, சுட்டுருச்சான்னு பாத்தார்.

பஸ்ல வரும்போது மருதமுத்து அசந்து தூங்கிட்டார், பகல்தான் அவருக்கு ராத்திரி, அன்னிக்கு அது போச்சு. செகரட்டரி ரேகை வெச்ச தாளை மடிச்சுக் கோட்டுப் பையில வெச்சுட்டுச் சொன்னார்: "நம்மகிட்டயும் எல்லாரும் சத்தியம்தான் பண்றா. ஸ்டாம்பு பேப்பர்ல பண்ணினா கை சுடறதில்லை பாரும்." கொஞ்சம் கழிச்சு, "நீர் அடிச்ச பதில் சரிதான் ஓய். இவருக்கு வீடு இல்லை. ஆனா அதை நீர் சொல்லிட்டீர். அவர் சொல்லியிருக்கணும்"னார்.

போர்டு மீட்டிங்ல ரைஸ் மில்காரர் விடல. பாகம்னா பாகம்தான்யா, ரூம்ல பெட்டி இருந்தா என்ன, பீரோ இருந்தா என்னன்னார். செகரட்டரி ஏழாவது கேள்வியை முழுசாப் படிச்சார். விண்ணப்பதாரருக்கோ, மனைவிக்கோ, மைனர் பிள்ளைகளுக்கோ வேறெங்கும் குடியிருக்கத்தக்க வீடோ, பாகமோ உண்டா. நூத்துக்கணக்குல அந்த ஃபாரத்தை ரோலர்ல ஏத்தியிருக்கேன். குடியிருக்கத்தக்கன்னு அதுல இருக்கறதை அன்னிக்குத்தான் காதால கேட்டேன். படிச்சுட்டு, "நீங்க அந்த ரூம்ல ஒரே ஒரு ராத்திரி படுத்துண்டு வந்துடுங்கோ. மறுநாளே ரத்து பண்ணிடறேன்"னார். சித்தப்பா வாய் கோணினதும் ரிப்போர்ட்டுல இருந்துச்சு. ரைஸ் மில்காரரே சிரிச்சுட்டார். எல்லாத்தையும் சொல்லி புது உறுதிமொழி வாங்கிக்கிட்டு மனையை அப்படியே விடலாம்னு முடிவாச்சு.

அதே ரிப்போர்ட்டுல இன்னொரு வரியும் இருந்துச்சு: எழுத்தர் கேள்வியைப் படித்துக் காட்டவில்லை. எனக்குப் புரொபேஷன் ஆறு மாசம் நீண்டுச்சு. வீட்டுல சொல்லல. ஆனா சத்தியமா வருத்தமும் இல்ல, அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்.

புது உறுதிமொழியை நான்தான் அடிக்கணும். தாளை ஏத்தி ரெண்டு கையையும் மெஷின் மேல வெச்சேன். செகரட்டரி பின்னாடி வந்து நின்னார். "ஏழாவது கேள்விக்கு ஒத்தை விரல்"னார். சும்மா சொல்றார்னு நெனச்சேன். நெஜமாவே நின்னார். ஊர்ல பூர்வீக வீட்டில் ஓர் அறை உண்டு, அதில் குலதெய்வப் பெட்டி உள்ளது, மனிதர் படுப்பதில்லைன்னு ஆட்காட்டி விரலால ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி அடிச்சேன். ஹையர் பாஸ் பண்ணின ஆளு, பொட்டிக்கடைக்காரர் பில்லு போடற மாதிரி. மொத்த ஆபீசும் வேடிக்கை பாத்துச்சு. மருதமுத்து பக்கத்துல உக்காந்து, ஒவ்வொரு வார்த்தையா சத்தமாச் சொல்லிட்டு இருந்தார். ஒத்தை விரல்ல அடிச்சா ஒரு சௌகரியம், எதிர்ல இருக்கறவர் பேசறது காதுல விழும்.

அதுலேர்ந்து ரிட்டயர் ஆகற வரைக்கும் ஏழாவது கேள்விக்கு ஒத்தை விரல்தான். அறுபதுகள்ல கைலாசபுரம் பக்கம் பெரிய ஃபேக்டரி வந்து, டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்ல இருந்தவங்க எல்லாம் ரிட்டயர்மெண்டுக்கு அப்புறம் எங்க போறதுன்னு எங்ககிட்ட வர ஆரம்பிச்சப்போ, மாடிப்படி வரைக்கும் கியூ நிக்கும். அப்பவும் அதேதான். புதுசா வந்த பசங்க, சாருக்கு டைப்பிங் மறந்து போச்சுன்னு பின்னாடி பேசிக்குவாங்க. பேசட்டும். செகரட்டரி ரிட்டயர் ஆனப்போ அவர் டேபிள்ல இருந்த பழைய கவர்க் கட்டை நான் கேட்டு வாங்கிக்கிட்டேன், அந்தப் பழக்கத்தையும் நிறுத்தல. கடைசி வரிக்கு மட்டும் "எதிர்பாராதது"ன்னு மாத்தினேன். தொகை அதே ஒரு மாசச் சம்பளம்தான்.

மருதமுத்து வீட்டு கிரகப்பிரவேசத்தைச் சொல்லாம முடிச்சா செல்லம்மா என்னை மன்னிக்காது. தை மாசம் ரெண்டாவது வாரம். மேல தளம் போட சிமெண்டு பெர்மிட்டுக்கு நானே மூணு நடை நடந்தேன், அதை என் கணக்குல வெச்சுக்குங்கன்னு சொல்லியிருந்தேன். ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு அடுப்படி. வெளிப் பூச்சு இன்னும் ஆகல, செங்கல் பல்லைக் காட்டுச்சு. பெரியண்ணன் ஊர்லேர்ந்து ஒரு மூட்டை வெங்காயத்தோட வந்திருந்தார். கொத்தனார் துண்டு இல்லாத வேட்டியோட சந்தோஷமாத்தான் இருந்தார். செகரட்டரி கேட்டுக்கு வெளியவே செருப்பை விட்டார். நான் அவருக்கு முன்னாடியே ஷூவைக் கழட்டிட்டேன். அவர் அதைப் பாத்தார்.

ஹால்ல ஜமுக்காளத்துல உக்காந்தோம். அவருக்கு ரெண்டு வாழைப்பழம் மட்டும். பழத்தை உரிச்சுக்கிட்டே கேட்டார், முதல் நாள் கேட்ட அதே கேள்வி.

"இப்ப ராத்திரில எங்கே படுத்துக்கறேள்?"

மருதமுத்து உள்ள திரும்பி செல்லம்மாவைப் பாத்தார். அப்புறம் எங்களைப் பாத்தார்.

"வீட்டுலங்க. நாளைலேர்ந்து டே ஷிஃப்டு."